ஜோகூர் புறநகர்களில் நடைவழியும் மிதிவண்டி வழியும்

ஜோகூர் பாருவைச் சூழ்ந்துள்ள ஸ்கூடாய், மாசாய், தெப்ராவ் ஆகிய புறநகர்களின் பெரும்பகுதி ஒரு காலத்தில் தோட்டப்புறமாக விளங்கியது. அங்கு வாழ்ந்த நம் மக்கள் லயத்திலிருந்து பால்மரக் காட்டிற்கும் கடைத்தெருவிற்கும் நடந்தோ மிதிவண்டியிலோ சென்று வந்தனர். தோட்டங்கள் தாமான்களாக மாறியபொழுது அச்செம்மண் பாதைகள் மறைந்தன. அருகிலுள்ள தாமானுக்குச் செல்வதற்கும் பெருஞ்சாலையைக் கடக்க வேண்டிய நிலை பலவிடங்களில் ஏற்பட்டது.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில், ஜோகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில், மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் சென்ற இளையோர்மீது கார் மோதியதில் எண்மர் உயிரிழந்தனர். அவ்வழக்கில் காரோட்டியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் விடுவித்தது. தனிப் பாதை இருந்திருப்பின் அவ்விபத்து நிகழ்ந்திராது என நாம் துணிந்து கூற இயலாது. எனினும், பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டுவதற்கு உரிய இடம் எது என்னும் வினாவை அது நம்முன் வைத்துச் சென்றது.

இவ்வினாவிற்கு முதலில் வேகத்தைக் கருத வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் இயக்க ஆற்றல், 30 கிலோமீட்டரில் வருவதைப் போல் நான்கு மடங்காகும். ஆதலின், மக்களும் வாகனங்களும் கலந்து செல்லும் தெருக்களில் 30 கிலோமீட்டரையே உச்சவரம்பாகக் கொள்ளுமாறு 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. வேகத்தைக் குறைக்க இயலாத பெருஞ்சாலைகளிலோ, தடுப்புடன் கூடிய தனிப் பாதையே தேவைப்படுகிறது.

இவை புதிய கருத்துகள் அல்ல. மிதிவண்டித் தட வடிவமைப்பிற்கான வழிகாட்டியைப் பொதுப்பணித் துறை 1986ஆம் ஆண்டிலேயே வகுத்தது. 2012இல் வெளியான இஸ்கண்டார் மலேசியா குறைந்த கரிமச் சமுதாயத் திட்டமும் நடப்பதற்கேற்ற, பாதுகாப்பான நகர வடிவமைப்பைத் தன் செயல்களுள் ஒன்றாகக் கொண்டது.

குறை, இணைப்பில் உள்ளது. தாமான் தெருக்கள் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. ஸ்கூடாய் நெடுஞ்சாலை, பாசிர் கூடாங் நெடுஞ்சாலை ஆகியவை கூட்டரசுச் சாலைகள். பள்ளிக்குச் செல்லும் மாணவன் கடக்க வேண்டிய இடமோ இவ்விரு எல்லைகளும் சந்திக்கும் இடமாகவே பெரும்பாலும் அமைகிறது. நீண்ட அழகுப் பாதைகளைக் காட்டிலும், பள்ளி, சந்தை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைத் தாமானோடு இணைக்கும் குறுகிய, நிழல்மிக்க, இடையறாத வழிகளே முதலில் வேண்டும் என்பது நம் கருத்து. அவ்வழிகளைத் தெரிவுசெய்யும் பொழுது, நாள்தோறும் நடக்கும் முதியோரையும் மாணவரையும் ஊராட்சி மன்றங்கள் கேட்டறிதல் நலம்.