வெள்ளம் வடிந்த பின்னும் விழிப்பாயிருப்போம்



2018 ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். மீனவ மக்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, மூழ்கிய வீடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். மழை நின்றது, தண்ணீர் வடிந்தது, மக்கள் முகாம்களிலிருந்து வீடு திரும்பினார்கள். அதன் பிறகுதான் எலிக்காய்ச்சல் தலைதூக்கியது. சேறு அள்ளியவர்களும், மீட்புப் பணிக்குச் சென்றவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். வெள்ளத்துக்குத் தப்பிய சிலர் காய்ச்சலுக்குத் தப்பவில்லை.

இது எப்படி வருகிறது? எலி, நாய், ஆடுமாடு ஆகியவற்றின் சிறுநீரில் இந்தக் கிருமி இருக்கக்கூடும். வெள்ளம் எலி வளைகளையும் சாக்கடைகளையும் அலசி, அதைத் தெருவெங்கும் பரப்புகிறது. காலில் உள்ள ஒரு சிறு கீறல், சேற்றுப்புண் போதும். கிருமி உடலுக்குள் நுழைந்துவிடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும்.

ஆகவே, வீட்டைக் கழுவப் போகும்போது ரப்பர் காலணியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். புண் இருந்தால் நீர் புகாதபடி கட்டுங்கள். ஆறாத பெரிய புண் உள்ளவர்கள் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் குளியுங்கள். கேரளத்தில் சேற்றில் இறங்கியவர்களுக்கு, வாரம் ஒருமுறை டாக்சிசைக்கிளின் மாத்திரை தடுப்பு மருந்தாக வழங்கப்பட்டது. இதை நாமாகக் கடையில் வாங்கி விழுங்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம் என்பதால், மருத்துவரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேட்டே உட்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை முக்கியமாக நினைவில் வையுங்கள். இந்நோய் உடனே தலைகாட்டாது. பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களில், சிலருக்கு ஒரு மாதம் கழித்தும் தெரியவரும். கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். "மழையில் நனைந்த சாதாரணக் காய்ச்சல்தானே" என்று இருந்துவிடாதீர்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. மருத்துவரிடம் சென்றதும், "நான் வெள்ளத்தண்ணீரில் இறங்கினேன்" என்று முதலில் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் இது குணமாகும் நோய். நாள் தள்ளினால் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகும்.

குடிதண்ணீரைக் கொதி வந்தபின் மேலும் ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துக் குடியுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றைக் குளோரின் இட்டுச் சுத்தம் செய்யும்வரை பயன்படுத்த வேண்டாம். ஈரம் காயாத வீட்டில் மின் இணைப்பைச் சரிபார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

அடுத்த வீட்டு முதியவரின் வீட்டைக் கழுவிக் கொடுக்க நம் இளைஞர்கள் ஓடுவது அழகான அன்புப் பணி. அவர்கள் நலமாய்த் திரும்பவும் வேண்டும். பணி முடிந்து போகிற இளைஞரை இரண்டு வாரம் கழித்து, "தம்பி, காய்ச்சல் ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்.