தானே இயங்கும் சாதனங்களும் பல்கலைக் கழக ஆராய்ச்சியும்

தொலைவிலிருந்து மனிதரால் இயக்கப்படும் சாதனம் வேறு. சூழ்நிலையை அறிந்து தானே இயங்கும் சாதனம் வேறு. பாதுகாப்பு ஆராய்ச்சி, வளர்ச்சி நிறுவனத்தின் புனே ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'தக்ஷ்' முதல் வகையைச் சேர்ந்தது. வெடிகுண்டுகளை அகற்றும் இவ்வண்டியைப் பாதுகாப்பான தூரத்தில் நிற்கும் வீரர் இயக்குகிறார். 2022 ஜூலை 1-ஆம் நாள் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் முதன்முறையாகப் பறந்த சோதனை விமானமோ இரண்டாம் வகையை நோக்கிய முயற்சியாகும். மேலெழுதல், வழியறிந்து செல்லுதல், தரையிறங்குதல் ஆகியவற்றை அது தானாகவே நிறைவேற்றியது.

முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு முன்னேற உற்பத்தித் திறன் மட்டும் போதாது. அடிப்படை ஆராய்ச்சியும் தேவை. அதன் பொருட்டே பாதுகாப்புத் துறை பல்கலைக் கழகங்களுக்கு நிதியுதவி அளித்து வருகிறது.

விடை தேடும் வினாக்கள்

செயற்கைக் கோளின் சைகை கிட்டாத மலைப் பள்ளத்தாக்கில் சாதனம் தன் இருப்பிடத்தை எவ்வாறு அறியும்? ரேடியோ அலைகள் விரைவில் வலுவிழந்துவிடும் கடலடியில் அது எவ்வாறு செய்தி அனுப்பும்? மூடுபனியில் பாறையையும் மனிதரையும் எங்ஙனம் பிரித்தறியும்? இவ்வினாக்கள் கணிதம், கட்டுப்பாட்டியல், கணிப்பொறி அறிவியல் ஆகிய துறைகளைச் சார்ந்தவை. இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் இராணுவத்திற்கு மட்டுமின்றி, வெள்ள நிவாரணம், சுரங்கப் பாதுகாப்பு போன்ற பணிகளுக்கும் பயன்படக் கூடியவை.

நிதியுதவியின் அமைப்பு

பாதுகாப்பு ஆராய்ச்சி, வளர்ச்சி நிறுவனம் 1958-இல் தோற்றுவிக்கப்பட்டது. கல்வி நிறுவனங்களின் ஆய்வுகளுக்கு உதவ, 1971-இல் விமானவியல் ஆராய்ச்சி வாரியமும், 1996-இல் கடற்படை ஆராய்ச்சி வாரியமும் அமைக்கப்பட்டன. செயற்கை நுண்ணறிவுக்கும் ரோபோ இயலுக்குமான ஆய்வு மையம் 1986 முதல் பெங்களூரில் இயங்கி வருகிறது. தில்லி, மும்பை, சென்னை, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் உள்ளிட்ட பல இடங்களில் கூட்டு ஆராய்ச்சி மையங்களும் நிறுவப்பட்டுள்ளன. 2020 ஜனவரியில் இளம் விஞ்ஞானிகளுக்கென ஐந்து ஆய்வுக்கூடங்கள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. 2022-23 மத்திய பட்ஜெட்டில், பாதுகாப்பு ஆராய்ச்சி ஒதுக்கீட்டில் 25 சதவீதம் தொழில்துறை, புதிய நிறுவனங்கள், கல்வித்துறை ஆகியவற்றுக்கென அறிவிக்கப்பட்டது.

பேராசிரியர் ஒருவர் சமர்ப்பிக்கும் ஆய்வுத் திட்டத்தை நிபுணர்கள் பரிசீலிக்கின்றனர். திட்டம் ஏற்கப்பட்டால் கருவிகள், ஆய்வு மாணவர்களின் உதவித்தொகை, பிற செலவுகள் ஆகியவற்றுக்குத் தவணைகளாகப் பணம் வழங்கப்படுகிறது. செலவுக் கணக்குடன் முன்னேற்ற அறிக்கையும் அளிக்கப்பட வேண்டும். இங்கே தாமதம் ஏற்பட்டால் அதன் சுமை முதலில் ஆய்வு மாணவர் மீதே விழுகிறது. பயிற்சி பெற்ற மாணவர் இடைவழியில் விலகிச் சென்றால், வாங்கி வைத்த கருவியால் பயனேதும் இல்லை.

வெளிப்படையும் இரகசியமும்

மற்றொரு சிக்கல் இரகசியம் பற்றியது. அறிவு பலர் பார்வைக்கு வந்து சோதிக்கப்படும்போதுதான் வளர்கிறது. ஆய்வேடும் கட்டுரையும் வெளிவந்தாலன்றி மாணவருக்குப் பட்டமும் வேலை வாய்ப்பும் இல்லை. ஆனால் பாதுகாப்புத் துறைக்கோ மறைத்துக் காக்க வேண்டிய செய்திகள் உண்டு. பணி முடிந்த பின்னர் 'இதை வெளியிடலாகாது' என்று கூறுவதைவிட, ஒப்பந்தத்தின் தொடக்கத்திலேயே எல்லையை வரையறுத்துக் கொள்வதே இருதரப்புக்கும் நன்று. பொதுவான கோட்பாடுகளும் கணித முறைகளும் பல்கலைக் கழகத்தில் வெளிப்படையாக வளரலாம். களத்தின் தகவல்களும் படைக்கருவிகளின் தன்மைகளும் இராணுவ ஆய்வுக்கூடத்தில் இருக்கலாம்.

பொறுப்பு யாருடையது?

தானே இயங்கும் கருவி தவறு செய்தால் பொறுப்பேற்பவர் யார்? குறிப்பிட்ட சில மரபுவழி ஆயுதங்கள் பற்றிய 1980-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அந்நாடுகள் 2019-இல் 11 வழிகாட்டு நெறிகளை ஏற்றுக் கொண்டன. ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவுக்கான பொறுப்பு மனிதரிடமே இருக்க வேண்டும், அதை எந்திரத்திடம் ஒப்படைக்க இயலாது என்பது அவற்றுள் ஒன்றாகும்.

இந்நெறி மாநாட்டு மண்டபத்தோடு நின்றுவிடலாகாது. எந்த நிலையில் எந்திரம் நின்று மனிதரின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டும், அது எடுத்த முடிவின் காரணத்தைப் பின்னர் எவ்வாறு அறிவது என்பனவும் ஆராய்ச்சிக்குரிய வினாக்களே. நிதி கோரும் ஒவ்வொரு திட்டத்திலும் இவற்றுக்கு இடமளித்தால், கருவியை ஆக்கத் தெரிந்தவர்களோடு அதன் வரம்பை அறிந்தவர்களும் நம் பல்கலைக் கழகங்களிலிருந்து உருவாவர். நாட்டின் பாதுகாப்புக்கு இவ்விரு திறனும் இன்றியமையாதவை.