பள்ளிக்கூடத்து விஞ்ஞானம் – 9: ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு உப்பு?

விஞ்ஞானக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வி ஒரு நடுநிலைப்பள்ளியில் எழுந்த மாத்திரத்தில், எந்த ஊரானாலும் முதலில் ஞாபகத்துக்கு வருவது தெர்மாகோல் அட்டைதான். அதில் எரிமலையோ, சூரிய மண்டலமோ, மழைநீர்த் தொட்டி வைத்த வீடோ உருவாகிறது. உருவாக்குகிறவர் பெரும்பாலும் தகப்பனார் என்பது பரிசு கொடுக்கும் பெரியோர்களுக்கும் தெரியாத ரகசியமல்ல. திருப்பூரில் மட்டும் இந்த வழக்கத்துக்கு இயல்பாகவே ஒரு தடை இருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு, இரவு எட்டரைக்குமேல் வீடு திரும்பும் தாய் தந்தையருக்கு எரிமலை செய்ய அவகாசம் ஏது? வீட்டு ஒத்தாசை இல்லையே என்று உபாத்தியாயர்கள் வருந்துகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது அந்தப் பிள்ளைகளின் பாக்கியம்.

1993-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இந்த விஷயத்தில் நல்ல வழியொன்றைக் காட்டியிருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் முயற்சியால் நம் மாகாணத்தில் வேரூன்றிய அந்த மாநாட்டில், 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகாதவர்கள் உட்பட, தங்கள் ஊரிலே கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, தாங்களே அளந்து, குறித்து, தாய்மொழியிலேயே விளக்கிச் சொல்லலாம். அப்படிப்பட்ட பிரச்சினைக்குத் திருப்பூரில் பஞ்சமில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல் நதியின் கதையை இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையை, அதில் சாயக்கழிவு தேங்கியதால், திறக்க வேண்டாமென்று விவசாயிகளே மன்றாடும் நிலை வந்ததும், வழக்குகள் நடந்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், பிறகு கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டுமென்ற நிபந்தனையின்பேரில் அவை படிப்படியாகத் திறந்ததும் ஊரறிந்த சங்கதிகள். ஆனால் ‘நொய்யல் மாசு’ என்று தலைப்பிட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று செய்யக்கூடிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. கேள்வி அவ்வளவு பெரிதாக இருந்தால், பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டுவதில்தான் போய் முடியும்.

கேள்வியைச் சுருக்குவதுதான் உபாத்தியாயரின் வேலை. சாயக்கழிவு என்றவுடன் யாருக்கும் சிவப்பும் நீலமுமாக ஓடும் வாய்க்கால்தான் மனத்தில் தோன்றும். உண்மையில் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும் பங்கு நிறத்துக்கல்ல, கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் பருத்தியும் தண்ணீரில் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவையாதலால், ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நூலின்பால் தள்ளுவதற்காகவே உப்பைக் கொட்டுகிறார்கள். கறுப்பு, நேவி புளூ போன்ற அழுத்தமான ஷேடுகளுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரையிலும் ஆகும். சாயம் துணியில் தங்கும். உப்போ துளியும் தங்காமல், போட்டது போட்டபடி கழிவுநீரோடு வெளியேறிவிடும். ஆகவே, ‘எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு?’ என்பது சிறிய கேள்விதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் கேள்வி.

இதற்கு வேண்டிய சாமான்கள் சொற்பம். வடிகட்டிய தண்ணீர் ஒரு லிட்டரைச் சுத்தமான எவர்சில்வர் தட்டத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, சிறு தீயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வற்றச் செய்தால், அடியில் வெண்மையான படிவு ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தட்டத்தின் எடையை முன்னதாகவே குறித்துக்கொண்டிருந்தால், இப்போது கூடியிருக்கும் எடையே உப்பின் எடை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், தராசில். கழிவுநீரில் கரைந்த உப்புக்குச் சட்டம் வகுத்த எல்லை லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், அதாவது இரண்டு கிராமுக்குச் சற்று மேல். மளிகைக்கடைத் தராசு அதைக் கண்டுகொள்ளாது.

மற்ற ஊர்க்காரர்கள் நகைக்கடையைத் தேட வேண்டியதுதான். திருப்பூரில் அந்தச் சிரமமில்லை. துணியின் கனத்தைப் பார்க்க, ஜிஎஸ்எம் கட்டரை ஓர் அழுத்து அழுத்தித் திருகி, நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி எடுத்து நிறுக்கிறார்களே, அந்தச் சின்னஞ்சிறு தராசு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக்கூடக் காட்டும். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், கனமுள்ள துணியின் வட்டம் 1.80 கிராம் இருக்கும். 210 ஜிஎஸ்எம் துணியின் வட்டம் எவ்வளவு கனமோ அவ்வளவுதான் சட்டம் அனுமதிக்கும் உப்பு என்று கட்டிங் மாஸ்டரிடம் சொன்னால், அவர் எந்தப் புத்தகத்தின் உதவியுமின்றிப் புரிந்துகொள்வார். அந்தத் தராசுகள் அதிக பாரம் தாங்காதவை. ஆகையால் தட்டத்தோடு வைக்காமல், படிவை முழுவதும் சுரண்டிக் காகிதத்தில் இட்டு நிறுப்பதே உசிதம். சூடு ஆறியவுடனே நிறுத்துவிட வேண்டும். மழைக்கால ஈரத்தில் ஓர் இரவு கிடந்தால் அந்தப் படிவு காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொண்டு எடை கூடிவிடும்.

இனி ஒரு தர்மசங்கடம். கரைந்த உப்பின் அளவைக் காட்டுவதாகக் கடையில் விற்கும் டிடிஎஸ் மீட்டரை அதே தண்ணீரில் நனைத்துப் பார்த்தால், அது காட்டும் எண்ணும் தராசு காட்டும் எண்ணும் ஒத்துப்போவதில்லை. அநேக பள்ளிகளில் இவ்விடத்தில் தராசுக் கணக்கை அழித்து மீட்டர்க் கணக்கை எழுதச் சொல்லிவிடுகிறார்கள்; இதைவிட விஞ்ஞானத்துக்கு விரோதமான காரியம் வேறில்லை. மீட்டர் உப்பை நிறுப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிச் சொல்கிறது, அவ்வளவே. தட்டத்திலோ, கடினநீரில் உள்ள பைகார்பனேட்டுகள் சூட்டில் சிதைந்து, ஒரு பகுதி கரியமில வாயுவாகப் பறந்துபோகின்றன. சுரண்டும்போது கொஞ்சம் தட்டத்திலேயே தங்கிப்போவதும் உண்டு. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ‘ஏன் வித்தியாசமுங்க சார்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு, நடுவராக நான் அமர்ந்திருந்தால், தெர்மாகோல் எரிமலைகள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு முதற்பரிசு கொடுப்பேன்.

இவ்வளவு உப்பு பயிருக்கு என்ன செய்யும் என்பதைப் பாசிப்பயறு முளைக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனை அடுத்த வாரம். பயறு முழுவதையும் ஒரே பொட்டலத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். இல்லாவிட்டால், முளைக்காததற்குக் காரணம் உப்பா, பழைய விதையா என்று நடுவர் கேட்கும்போது பதில் இராது.