உடன்கற்றோர் வழங்கும் சான்று
திரைத் திறனாய்வாளர் உலகில் ஒரு நோக்கு

நூல் இயற்றிய புலவன் தன்னைத் தானே புகழ்ந்துரைத்தல் தகாது என்பது தமிழ் இலக்கணம் வகுத்த நெறி. அவனையும் அவன் நூலையும் அவைக்கு அறிமுகம் செய்யும் உரிமை பிறர்க்கே உரியது. அப்பிறர் யாவர் என்பதையும் நன்னூலார் வரையறுத்துள்ளார். நூலாசிரியனுக்குக் கற்பித்த ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனிடம் கற்ற மாணாக்கன், அந்நூலுக்குத் தகுதி வாய்ந்த உரை காண்பவன் ஆகியோரே சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியர் என்பது பவணந்தி முனிவரின் கருத்து. இந்நால்வருள்ளும் உடன் கற்றவனின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. ஆசிரியனுக்கு வாஞ்சை உண்டு. மாணாக்கனுக்குப் பணிவு உண்டு. உரைகாரனுக்கு நூலின்மேல் ஈடுபாடு உண்டு. உடன் கற்றவனுக்கோ போட்டி உண்டு. போட்டியிடும் நிலையில் இருப்பவன் மனமுவந்து தரும் சான்றுக்கு மதிப்பு மிகுதி.

இந்நெறி இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. கலை பற்றி எழுதுவோர் அனைவர்க்கும் பொருந்துவது. நம் மாணவர்கள் நாள்தோறும் பேசியும் எழுதியும் மகிழும் திரைப்படத் திறனாய்வுத் துறையில், எழுதுவோர் ஒருவரையொருவர் எவ்வாறு இனங்கண்டு போற்றினர், அப்போற்றுதலால் விளைந்த நன்மை யாது, அதில் மறைந்துள்ள இடர் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

திறனாய்வாளனுக்குச் சான்று ஏன்?

நடிகனுக்கு அரங்கின் கைத்தட்டல் கிடைக்கிறது. இயக்குநருக்கு வசூல் ஒரு விடை தருகிறது. திரைப்படம் பற்றி எழுதுபவனுக்கு இவ்விரண்டும் இல்லை. அவன் எழுத்தைப் படிப்போர் பலர் பேசாதவர். பேசுவோரும் தாம் விரும்பிய படத்தை அவன் புகழ்ந்தானா, இகழ்ந்தானா என்பதை வைத்தே அவனை அளப்பர். அவன் காரணம் காட்டினானா, படத்தை உற்று நோக்கினானா என்று ஆய்ந்து சொல்லக்கூடியவர், அதே தொழிலைச் செய்யும் மற்றொருவரே ஆவார்.

படிப்பவனுக்கும் இச்சான்று தேவை. விளம்பரம் எது, மதிப்பீடு எது என்று பிரித்தறிய இயலாத அளவுக்குத் திரைப்பட எழுத்து பெருகிக் கிடக்கும் காலம் இது. நாம் நம்பும் ஓர் எழுத்தாளர், 'இவரையும் படியுங்கள்' என்று இன்னொருவரைச் சுட்டினால், அது நமக்கு வழிகாட்டியாகிறது. அவர் வேறொருவரைச் சுட்ட, வாசிப்பு விரிகிறது. சுட்டுபவர் தம் நம்பகத்தன்மையையே பிணையாக வைத்துச் சுட்டுகிறார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அமைப்புகளின் தோற்றம்

திரைப்படம் பற்றி எழுதுவோர் ஒன்றுகூடி அமைப்பாகச் செயற்படுதல் நெடுங்காலமாக உள்ள வழக்கமாகும். பன்னாட்டுத் திரைப்படத் திறனாய்வாளர் கூட்டமைப்பாகிய ஃபிப்ரெசி 1930ஆம் ஆண்டு பிரசெல்சு நகரில் தோன்றியது. உலகத் திரைப்பட விழாக்களில் திறனாய்வாளர்களே நடுவராக அமர்ந்து பரிசளிக்கும் முறையை இவ்வமைப்பு வளர்த்தது. 1935இல் நியூயார்க் திரைப்படத் திறனாய்வாளர் வட்டம் தோன்றியது. 1941ஆம் ஆண்டுக்குரிய சிறந்த படமாக ஆர்சன் வெல்சின் 'சிட்டிசன் கேன்' படத்தை இவ்வட்டம் தேர்ந்தது. அவ்வாண்டிற்கான ஆஸ்கார் விருதோ 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' என்னும் படத்திற்குச் சென்றது. பிற்காலம் 'சிட்டிசன் கேன்' படத்திற்கு அளித்த இடத்தை நாம் அறிவோம்.

எனினும் வட்டம் என்று ஒன்று வரையப்பட்டால், அதற்கு வெளியே நிற்போர் சிலர் இருந்தே தீர்வர். நியூயார்க் வட்டம் நாளிதழ்களில் எழுதுவோர்க்கு முதன்மை தந்தது. வார, மாத இதழ்களில் எழுதிய பலருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அவ்வாறு விடுபட்டோர் கூடி 1966இல் தேசியத் திரைப்படத் திறனாய்வாளர் கழகத்தை நிறுவினர். இக்கழகம் விருது அளித்ததோடு அமையாது, உறுப்பினர்தம் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக வெளியிடும் பணியையும் மேற்கொண்டது. 1967–68ஆம் ஆண்டுத் தொகுப்பை ரிச்சர்ட் ஷிக்கல், ஜான் சைமன் ஆகிய இருவர் பதிப்பித்தனர். அடுத்த ஆண்டுத் தொகுப்பைப் பதிப்பித்தோர் ஹாலிஸ் ஆல்பர்ட், ஆண்ட்ரூ சாரிஸ் ஆகியோர். சக எழுத்தாளரின் கட்டுரையைத் தேடிப் படித்து, தேர்ந்து, அச்சேற்றுதலினும் சிறந்த பாராட்டு வேறு யாது?

பாரிசு நகரத்துப் பள்ளி

உடன்கற்றோர் போற்றுதலின் முழுப்பயனையும் காண வேண்டுமாயின், பாரிசு நகரில் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'கையே து சினிமா' இதழை நோக்க வேண்டும். ஆந்த்ரே பசான், ஜாக் தோனியோல்–வால்குரோஸ், லோ தூக்கா ஆகியோர் அதனைத் தொடங்கினர். திரூஃபோ, கொதார், ரோமர், ரிவெத், ஷாப்ரோல் முதலிய இளைஞர்கள் அதில் எழுதினர். ஒரே திரையரங்குகளில் அமர்ந்து, ஒரே படங்களைப் பார்த்து, இரவெல்லாம் வாதிட்ட உண்மையான உடன்கற்றோர் இவர்கள். ரோமரும் ஷாப்ரோலும் இணைந்து ஹிட்ச்காக் பற்றி 1957இல் ஒரு நூலே எழுதினர்.

இக்குழுவில் நன்னூலார் கூறும் ஆசிரியன், மாணாக்கன் என்னும் இரு நிலைகளையும் காண்கிறோம். படையிலிருந்து தப்பியோடிச் சிறைப்பட்ட இளைஞன் திரூஃபோவை மீட்டு, தம் இல்லத்தில் இடமளித்து, எழுத்துலகிற்கு அறிமுகம் செய்தவர் பசான். 1954 ஜனவரியில் அவ்விதழில் வெளிவந்த திரூஃபோவின் கட்டுரை பிரெஞ்சுத் திரையுலகையே அசைத்தது. 1958 நவம்பரில் திரூஃபோ தம் முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கிய மறுநாள், நாற்பதே வயதான பசான் மறைந்தார். 'நானூறு அடிகள்' எனப் பொருள்படும் பெயருடைய அப்படம் அவர் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டது. 1959இல் கான் விழாவில் அதற்குச் சிறந்த இயக்கத்திற்கான பரிசு கிடைத்தது. புகழ் பெற்ற பின்னரும் திரூஃபோ தம் ஆசானை மறந்தாரல்லர். பசான் எழுதி வைத்தவற்றைத் தொகுத்து நூலாக்கினார். 'சினிமா என்பது என்ன' என்னும் பசானின் நூலினது ஆங்கிலப் பெயர்ப்பின் இரண்டாம் தொகுதி 1971இல் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை வழங்கினார். மாணாக்கன் செய்த சிறப்புப் பாயிரம் இதுவன்றோ!

இத்துணை அன்பு நிலவிய குழுவில் கருத்து மாறுபாடு இருந்ததா எனின், இருந்தது. இயக்குநரே படத்தின் முழுமுதல் ஆசிரியர், பெரிய இயக்குநரின் படம் ஒவ்வொன்றும் போற்றத்தக்கது என்று இளைஞர்கள் முழங்கினர். பசான் 1957இல் அதே இதழில், அதே கொள்கையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். அக்கொள்கையின் பயனை ஒப்புக்கொண்ட அவர், அது அளவு கடந்தால் தனிமனித வழிபாடாக முடியும் என எச்சரித்தார். தாம் வளர்த்த எழுத்தாளர்களைத் தம் இதழிலேயே மறுக்கும் துணிவு அவருக்கிருந்தது. அம்மறுப்பினால் உறவு முறியவில்லை. அவ்விதழில் 'பதின்மர் அவை' என்னும் பெயரில் வெளிவந்த அட்டவணையும் குறிப்பிடத்தக்கது. ஒரு படத்திற்குப் பத்துத் திறனாய்வாளர்கள் அளித்த மதிப்பீடு அருகருகே அச்சிடப்பெற்றது. பிற இதழ்களில் எழுதுவோர்க்கும் அதில் இடமுண்டு. யார் யாரோடு மாறுபடுகின்றனர் என்பதை வாசகர் ஒரே பார்வையில் அறிந்தனர்.

புலவரின் மடலும் தோழரின் உரையும்

அமெரிக்காவில் 'தி நேஷன்' இதழில் 1942 முதல் 1948 வரை திரைப்படம் பற்றி எழுதியவர் ஜேம்ஸ் ஏஜி. 1944இல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் அவ்விதழுக்கு ஒரு மடல் வரைந்தார். தாம் திரைப்படங்களில் பெரிதும் நாட்டம் உடையவர் அல்லர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்ட ஆடன், ஏஜியின் எழுத்தை அமெரிக்க இதழியலின் குறிப்பிடத்தக்க நிகழ்வாகப் போற்றினார். பொருளில் ஆர்வமில்லாதவரையும் எழுத்தின் வலிமையால் ஈர்த்தார் என்பதே ஏஜிக்குக் கிடைத்த உயர்ந்த சான்று.

ஏஜி 1955இல் மறைந்தார். அவருடைய திரைப்படக் கட்டுரைகள் 1958இல் நூலுருப் பெற்றன. அவருக்குப் பின் 'தி நேஷன்' இதழில் அப்பகுதியை எழுதிய மேனி ஃபார்பர், அந்நூல் பற்றி அவ்வாண்டே ஒரு கட்டுரை எழுதினார். மறைந்த தோழரைப் பற்றியது என்பதற்காக அவர் குறையை மறைக்கவில்லை; ஏஜியின் நுண்மையையும் தளர்வையும் ஒருங்கே எடுத்துக் காட்டினார். உரைகாரன் நூலாசிரியனோடு மாறுபட்டும் உரைக்கலாம் என்பது நம் உரை மரபிலும் உண்டன்றோ!

பகையும் ஒரு மதிப்பே

ஆண்ட்ரூ சாரிஸ், பாலின் கேல் ஆகியோரின் வாதம் வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. பிரெஞ்சு இளைஞரின் கொள்கையைச் சாரிஸ் 1962ஆம் ஆண்டுக் கட்டுரையில் அமெரிக்காவிற்குக் கொண்டு வந்தார். 1963இல் கேல் அதனை வரிக்கு வரி மறுத்துக் கடுமையாக எழுதினார். மறுப்பதற்காகவேனும் ஒருவரின் எழுத்தை வரிக்கு வரி படித்தல், படியாமலே புகழ்வதினும் மேலான மதிப்பாகும். அவ்விருவரும் மேற்கூறிய தேசியக் கழகத்தில் உறுப்பினராக இருந்தனர்.

கேல் இளைஞர்களை ஊக்குவிப்பதிலும் முன்னின்றார். பால் ஷ்ரேடர் திரைப்படக் கல்விக்குச் செல்ல அவர் துணை நின்றார். 1967இல் சிக்காகோ நாளிதழ் ஒன்றில் பணியேற்ற ரோஜர் எபர்ட், தம் கட்டுரைகளைக் கேலுக்கு அனுப்பிப் பாராட்டு மடல் பெற்றார். 1975இல் திறனாய்வுக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற முதல் திரைப்படத் திறனாய்வாளரும் எபர்ட்டே. 2013இல் மறையும் முன்னர், பல நாடுகளில் அறியப்படாதிருந்த எழுத்தாளர்களை அழைத்துத் தம் பெயரின் நிழலில் எழுதச் செய்தார். பெற்ற பாராட்டு அடுத்த தலைமுறைக்குக் கடன் தீர்ப்பதுபோல் வழங்கப்பட்டது.

ஆயினும் நிழலுக்கும் ஓர் அளவு வேண்டும். கேலைச் சூழ்ந்த இளைஞர் சிலர் அவர் நடையையும் விருப்பு வெறுப்பையும் அப்படியே பின்பற்றியதாகக் குறை கூறப்பட்டு, 'பாலெட்டுகள்' என்னும் ஏளனப் பெயருக்கு ஆளாயினர். பாராட்டியவரின் குரலையே பாராட்டப்பட்டவன் எதிரொலிப்பானாயின், அங்கே இரு திறனாய்வாளர் இல்லை; ஒருவரே உள்ளார்.

நம் நாட்டில்

இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் திரைப்படம் பற்றிய எழுத்துக்கும் தனி இடம் வகுக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டிற்கான விருதுகளில், தமிழ்த் திரைப்படம் பற்றி சு. தியடோர் பாஸ்கரன் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஐ ஆஃப் தி சர்ப்பண்ட்' சிறந்த நூலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தமிழ்த் திரைப்படத்தை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளத் தயங்கிய கல்வியுலகிற்கு இவ்வங்கீகாரம் ஒரு வாயிலைத் திறந்தது எனலாம்.

பாராட்டும் முகமனும்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, மெய்யான பாராட்டுக்கும் வெறும் முகமனுக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று கேள்விகளால் அறியலாம்.

முதலாவது, பாராட்டில் காரணம் உண்டா? 'மிகச் சிறந்த எழுத்து' என்பது பாராட்டன்று. எந்தப் படத்தைப் பற்றிய எந்தக் கருத்து, முன்பு எவரும் காணாத எதனைக் காட்டியது என்று சொல்வதே பாராட்டு.

இரண்டாவது, பாராட்டுபவர் தம் பெயரை முன்வைக்கிறாரா? இலண்டனிலிருந்து வெளிவரும் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை சிறந்த படங்களின் பட்டியலை வெளியிடுகிறது. 2022இல் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற தேர்வில், ஷாந்தால் அகெர்மனின் 'ழான் தீல்மான்' முதலிடம் பெற்றது. யார் எதனைத் தேர்ந்தார் என்பதும் பெயரோடு வெளியிடப்பட்டது. பெயரிட்டுச் சொல்பவர்க்கே பொறுப்பு உண்டு.

மூன்றாவது, பாராட்டில் மறுப்புக்கு இடமுண்டா? 'நீ என்னைப் புகழ்ந்தாய், நான் உன்னைப் புகழ்கிறேன்' என்னும் கொடுக்கல் வாங்கலில் மறுப்புக்கு இடமே இல்லை. அத்தகைய வட்டத்தில் அனைவரும் விருது பெறுவர். வாசகன் ஒருவனே ஏமாறுவான். ஒருமுறை ஏமாந்தவன் அதன்பின் உண்மையான பரிந்துரையையும் நம்பமாட்டான். போலிப் பாராட்டு, தகுதியுடைய புதிய எழுத்தாளனுக்குச் சேர வேண்டிய நம்பிக்கையையும் பறித்துவிடுகிறது. இதுவே அதனால் விளையும் பெருந்தீங்கு.

முடிவுரை

உடன் எழுதுபவரைப் போற்றுதல் ஒரு கடமை. தேர்ந்து போற்றுதல் அதனினும் பெரிய கடமை. பசான் தம் மாணவரைத் தாங்கினார், மறுக்கவும் செய்தார். ஃபார்பர் தோழரை நினைவுகூர்ந்தார், எடைபோடவும் செய்தார். எபர்ட் தாம் பெற்றதைப் பிறர்க்கு வழங்கினார். இம்மூவர் வழியும் நம் மாணவர்க்கு உரிய வழிகளே. வகுப்பில் உடன் பயிலும் தோழர் ஒரு படத்தைப் பற்றியோ நூலைப் பற்றியோ நன்கு எழுதியிருப்பின், அதனைப் பிறர் அறியச் சொல்லுங்கள். ஏன் நன்று என்பதையும் சொல்லுங்கள். எவ்விடத்தில் உடன்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவ்வாறு சொல்லப்படும் சொல்லே உடன்கற்றோர் வழங்கும் உண்மையான சிறப்புப் பாயிரம் ஆகும்.