கொரியாவா, ஜப்பானா? மலையோரக் குடும்பத்தின் கார் தேர்வு

பாலக்காட்டுக் கணவாயும் இடுக்கியின் ஏலமலையும் ஒரே மாநிலத்தில், தமிழகத்தை ஒட்டியே அமைந்தவை. எனினும் கார் ஓட்டுவோர்க்கு அவை இரு வேறு உலகங்கள். வாளையாரிலிருந்து பாலக்காடு வழியாகத் திருச்சூர் செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கியர் மாற்றும் வேலை குறைவு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையிலோ 17 கொண்டை ஊசி வளைவுகள். இவ்விரு பகுதிகளிலும் வாழும் குடும்பங்கள் வாகனக் கடன் குறித்துப் பேசத் தொடங்கினால் எழும் கேள்வி மட்டும் ஒன்றாகவே இருக்கிறது: கொரிய வண்டியை வாங்குவதா, ஜப்பானிய வண்டியை வாங்குவதா?

பெயர்ப்பலகையைத் தாண்டிப் பார்த்தால் இக்கேள்வியின் வேகம் சற்றுத் தணியும். கொரியாவின் ஹூண்டாய் கிரெட்டா 2015இல் அறிமுகமானது. அது உருவாவது சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில். அதே குழுமத்தைச் சேர்ந்த கியாவின் செல்டோஸ் 2019இல் ஆந்திரத்தின் பெனுகொண்டா ஆலையிலிருந்து வெளிவந்தது. ஜப்பானியர் பக்கம் மாருதி சுசூகி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் உடன்பிறந்த இரட்டையர். 2022இல் பெங்களூருக்கு அருகிலுள்ள பிடதி ஆலையில் பிறந்தவை. ஹோண்டா எலிவேட் 2023இல் ராஜஸ்தானின் தபுகராவிலிருந்து வந்தது. ஆகவே ‘வெளிநாட்டு வண்டி’ என்ற பெருமையோ அச்சமோ இங்கே பெரிதாகப் பொருந்தாது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. எந்த எஞ்சினை விற்பது என்பதில் இவ்விரு நாட்டு நிறுவனங்களும் எதிரெதிர்த் திசைகளில் முடிவெடுத்துள்ளன.

பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது மாருதி சுசூகி டீசல் கார்களை அடியோடு நிறுத்திக்கொண்டது. ஹோண்டாவும் 2023இல் டீசலைக் கைவிட்டது. கொரியர்கள் கைவிடவில்லை. கிரெட்டா, செல்டோஸ் மட்டுமன்றி, அவற்றினும் சிறிய வென்யூ, சோனெட் ஆகியவற்றிலும் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் தொடர்கிறது. கூடவே டர்போ பெட்ரோல் எஞ்சினும் உண்டு. சுசூகியும் டொயோட்டாவும் டீசலுக்கு மாற்றாகப் பெட்ரோலும் மின் மோட்டாரும் இணைந்த ஹைபிரிட்டை முன்வைத்தன. ஹோண்டா எலிவேட்டில் டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றே. எனவே கொரியாவா ஜப்பானா என்ற கேள்வி, நம் பகுதியைப் பொறுத்தவரை, டீசலா ஹைபிரிட்டா என்ற கேள்வியின் மறுவடிவமே ஆகும்.

முதலில் மலையைப் பார்ப்போம். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றையே நம்பியிருப்பதால், ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீத ஆற்றலை இழக்கும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிராண்ட் விட்டாராவின் சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் சமவெளியில் 103 குதிரைத்திறன் தருவது. மூணாற்றில் அதன் கைவசம் இருப்பது 90க்கும் குறைவு. டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். இன்றைய டீசல் கார்கள் அனைத்தும் டர்போ வகையே.

இதைவிட முக்கியமானது இழுவிசை. கிரெட்டா டீசலின் இழுவிசை 250 நியூட்டன் மீட்டர்; எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போதே அது முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. கிராண்ட் விட்டாராவின் சாதாரணப் பெட்ரோலில் 137, எலிவேட்டில் 145 நியூட்டன் மீட்டர்; அதையும் எட்டுவதற்கு எஞ்சின் 4,000 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டி, கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பேருந்துக்காக நின்று மீண்டும் புறப்படும் நிலையை எண்ணிப் பாருங்கள். குறைந்த சுற்றிலேயே இழுக்கும் எஞ்சின் அங்கே அமைதியாகக் கிளம்பிவிடும். மற்றது முதல் கியரில் உரக்கக் கத்தியே கிளம்பும். இரண்டும் மேலே போய்ச் சேர்ந்துவிடும் என்பதில் ஐயமில்லை. வாரத்துக்கு இருமுறை அந்த வழியில் செல்வோர்க்கு வேறுபாடு புலப்படும். ஆண்டுக்கு இருமுறை செல்வோர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், இறக்கத்தைப் பற்றிக் கேட்போர் அரிது. உண்மையில் உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் சொல்வார்கள். டீசல் வண்டியில், அதுவும் கையால் கியர் மாற்றும் வண்டியில், இது இயல்பாக அமையும். ஹைபிரிட் வண்டி இறக்கத்தில் மின் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, வேகத்தைக் குறைத்துப் பேட்டரியை நிரப்புகிறது. அழகான ஏற்பாடுதான். ஆனால் அதன் பேட்டரி சிறியது. நீண்ட இறக்கத்தின் பாதியிலேயே நிரம்பிவிடலாம். நிரம்பியபின் அந்தத் தடுப்பு விசை குறையும். அப்போது எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காகவே கியர் நெம்புகோலில் ‘பி’ என்ற நிலை தரப்பட்டுள்ளது. ஹைபிரிட் வாங்கும் மலைவாசி விற்பனைக் கூடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இது. தானியங்கி எலிவேட்டை வாங்குவோரும் இறக்கத்துக்கான ‘எல்’ நிலையைப் பழகிக்கொள்ள வேண்டும்.

இனிச் சமவெளி. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பகுதிக் குடும்பத்துக்கு மேற்சொன்ன கணக்குகள் பெரும்பாலும் தலைகீழாகிவிடும். பள்ளி, சந்தை, கோயில் என்று ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டங்களே மிகுதி. இன்றைய டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உள்ளது. எஞ்சின் நன்கு சூடாகிச் சீரான வேகத்தில் சிறிது தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி தூய்மையாகும். நாள்தோறும் குறுகிய ஓட்டமே என்றால் அது அடைபடும். எச்சரிக்கை விளக்கு எரியும். பணிமனைச் செலவு தொடரும். நின்று நின்று செல்லும் நகர ஓட்டத்தில் ஹைபிரிட்தான் பளிச்சிடுகிறது. அவ்வேளைகளில் பெரும்பகுதி மின் மோட்டாரே வண்டியை நகர்த்துவதால் பெட்ரோல் மிச்சமாகிறது.

மிச்சமாகும் தொகை கூடுதல் விலைக்கு ஈடாகுமா என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். சாதாரணப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் ஹைபிரிட் 20 கிலோமீட்டரும் தருவதாகவும், பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் 321 லிட்டர், அதாவது சுமார் 33,750 ரூபாய் மிச்சம். ஹைபிரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தது 3 லட்சம் என்றால் அதை மீட்க ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஆகும். கடன் முடிந்த பிறகும் ஈடு வந்திருக்காது! நாள்தோறும் கோயம்புத்தூருக்கு வேலைக்குச் சென்று திரும்பி, ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அதே ஈடு நாலரை ஆண்டில் வந்துவிடும். டீசலுக்கான கூடுதல் விலையையும் இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளலாம். விளம்பரத்தில் காணும் மைலேஜை எடுத்துக்கொள்ளாமல், அதே வண்டியை உங்கள் ஊரில் ஓட்டுபவரிடம் கேட்டறிந்த எண்ணை இட்டுப் பாருங்கள்.

தோட்டச் சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வகை வண்டிகள் தோற்றத்தில் ஜீப்பின் உறவினர்போல நின்றாலும், பெரும்பாலானவை முன்சக்கரங்களால் மட்டுமே இழுக்கப்படுபவை. ஆட்களும் மூட்டைகளும் ஏறிய வண்டி ஏற்றத்தில் நிற்கும்போது எடை பின்பக்கம் சாய்ந்துவிடும். இழுக்க வேண்டிய முன்சக்கரம் ஈரமண்ணில் வெறுமனே சுழலும். நெடுங்கண்டத்திலும் பூப்பாறையிலும் ஏலத்தோட்டக்காரர்கள் பழைய ஜீப்பை விற்காமல் வைத்திருப்பதன் காரணம் இதுவே. அது சரியான முடிவு என்றே நாமும் கருதுகிறோம். நாம் பேசும் வண்டிகளுள் நான்கு சக்கர இழுவை கிடைப்பது கிராண்ட் விட்டாராவிலும் ஹைரைடரிலும் மட்டுமே. அதுவும் சாதாரணப் பெட்ரோல் எஞ்சினுடன்தான், ஹைபிரிட்டுடன் இல்லை. தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி வரையுள்ள இடைவெளியிலும் ஜப்பானியர்களே முன்னிற்கிறார்கள்: எலிவேட் 220, கிராண்ட் விட்டாரா 210, கிரெட்டா 190 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் பள்ளம் விழும் கிளைச்சாலைகளில் இந்த 20, 30 மில்லிமீட்டர் பயன்தரும்.

சாமான் வைக்கும் இடம் எலிவேட்டில் 458 லிட்டர், கிரெட்டாவில் 433 லிட்டர். ஹைபிரிட் வண்டிகளில் பேட்டரி பின்பக்கத் தரைக்கடியில் இடம் பிடிப்பதால் பெட்டிகளுக்கான இடம் வெகுவாகக் குறைகிறது. நான்கு பேர் ஒரு வாரத்துக்கு ஊருக்குப் புறப்படும்போதுதான் இது தெரியவரும். பாதுகாப்பைப் பொறுத்தவரை நாட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனை நடைபெறுகிறது. நீங்கள் விரும்பும் மாடலின் மதிப்பீட்டையே பார்க்க வேண்டும். ஏற்றத்தில் நின்று புறப்படும்போது வண்டி பின்னோக்கி உருளாமல் தடுக்கும் வசதி நீங்கள் தேர்ந்தெடுத்த வகையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

விலையில் வரி விளையாடும் விளையாட்டு சற்று வேடிக்கையானது. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்கு மேற்படாமல், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள்ளோ டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்குள்ளோ இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி.; ஏனைய கார்களுக்கு 40 சதவீதம். கிரெட்டா, செல்டோஸ், எலிவேட், கிராண்ட் விட்டாரா யாவும் 4 மீட்டருக்கு மேற்பட்டவை என்பதால் 40இல் அடங்கும். வென்யூவும் சோனெட்டும் டீசலிலும்கூட 18இல் நிற்கின்றன. மாருதி பிரெஸ்ஸா நீளத்தில் தேறிவிடுகிறது, ஆனால் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினால் 40இல் போய் விழுகிறது. ஜப்பானிய வண்டியே வேண்டும், வரியும் குறைய வேண்டும் என்போர்க்கு 1 லிட்டர் எஞ்சின் கொண்ட நிசான் மேக்னைட் போன்றவை உள்ளன. நால்வர் அடங்கிய குடும்பம், மலைப்பயணம் மிகுதி, கடன் சுமை குறைய வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தால், சிறிய கொரிய டீசல்தான் முதலில் பார்க்கத்தக்கது என்பது நம் கருத்து.

கடனைப் பற்றி: 10 லட்ச ரூபாயை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 20,758 ரூபாய். 7 ஆண்டுக்கு நீட்டினால் தவணை 16,089 ஆகக் குறையும். ஆனால் மொத்த வட்டி 2.45 லட்சத்திலிருந்து 3.51 லட்சமாக உயரும். மாதச் சம்பளக்காரர்க்குச் சீரான தவணை பொருந்தும். ஏலமும் மிளகும் விற்றுப் பணம் காணும் குடும்பத்தில் வருமானம் சில மாதங்களில் குவிந்து சில மாதங்களில் வறளும். அத்தகையோர் விண்ணப்பிக்கும்போதே வட்டி நிலையானதா மாறும் தன்மையதா, இடையில் பெருந்தொகை செலுத்தினால் கட்டணம் உண்டா எனக் கேட்டறிவது நல்லது. கடன் தொகை ஷோரூம் விலையைக் கொண்டா, வரியும் காப்பீடும் சேர்ந்த விலையைக் கொண்டா கணக்கிடப்படுகிறது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்கு ஒருசேர எடுப்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். ஆகவே கையிலிருந்து முதலில் கட்ட வேண்டிய தொகை பலர் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எல்லையோரத்தில் வாழ்வோர்க்கு மட்டும் உரிய சபலம் ஒன்று உண்டு. வீடு மூணாற்றில், உறவினர் வீடு போடியில். எங்கே சாலை வரி குறைவோ அங்கே பதிவு செய்யலாமே என்று தோன்றும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் இடம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநிலத்தின் பதிவு அதிகாரி ஒருவரிடமே பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலப் பதிவெண் கொண்ட வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் 47ஆம் பிரிவின்படி மறுபதிவு தேவை. புதுச்சேரி முகவரியில் கார்களைப் பதிவு செய்ததாகக் கேரளத்தில் 2017இல் எழுந்த வழக்குகள் பலருக்கும் நினைவிருக்கும். வங்கியும் கடன் ஆவணங்களில் உள்ள முகவரியையே பதிவுச் சான்றிலும் எதிர்பார்க்கும்.

முன்பணம் கட்டுவதற்குமுன் இரண்டு செயல்கள் மீதமிருக்கின்றன. அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட பணிமனை எந்த ஊரில் இருக்கிறது, அங்கே ஹைபிரிட் பழுதையோ டீசல் வடிகட்டியையோ பார்க்கும் வசதி உண்டா என்று விசாரியுங்கள். ரயில் பாதையே இல்லாத இடுக்கி மாவட்டத்தில் கார் பழுதானால் மாற்றுவழிகள் குறைவு. அடுத்து, விற்பனைக் கூடத்தின் வாசலைச் சுற்றி வரும் ஐந்து நிமிட ஓட்டத்தோடு நிறுத்திவிடாமல், வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு நீங்கள் வழக்கமாகச் செல்லும் ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பின்னிருக்கையில் அமரும் பெரியவர்களையும் வளைவுகளில் எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு, அதன்பின் கிளைக்கு வாருங்கள்.