கூட்டணியின் வலிமை

பண்டைய கிரேக்கம் ஒரே நாடாக இருக்கவில்லை. அது தனித்தனி ஆட்சியைக் கொண்ட பல நகர அரசுகளாகப் பிரிந்திருந்தது. அவை அடிக்கடி தமக்குள் போரிட்டுக்கொண்டன. கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசர் செர்க்சஸ் பெரும்படையுடன் கிரேக்கத்தின்மீது படையெடுத்தார். அவரைத் தனித்து எதிர்க்க எந்த நகரத்தாலும் இயலவில்லை. சில நகரங்கள் அவருக்குப் பணிந்தன. ஆனால், ஏதென்ஸ், ஸ்பார்ட்டா உள்ளிட்ட 30-க்கும் மேற்பட்ட நகரங்கள் பழைய பகையை மறந்து கூட்டணி அமைத்தன.

அக்கூட்டணியின் போர்க்கப்பல்களில் ஏறத்தாழப் பாதி ஏதென்ஸுக்குச் சொந்தமானவை. ஆயினும், மற்ற நகரங்கள் அதன் தலைமையை ஏற்க மறுத்தன. தலைமைக்காகச் சண்டையிட்டால் கூட்டணி உடைந்துவிடும் என்பதை ஏதென்ஸ் உணர்ந்தது. எனவே, அப்பொறுப்பை ஸ்பார்ட்டாவுக்கு விட்டுக்கொடுத்தது. அவ்வாண்டு சலாமிஸ் நீரிணையில் நடைபெற்ற கடற்போரில் கூட்டணி வென்றது. மறு ஆண்டில் பிளாட்டியா என்ற இடத்தில் நடைபெற்ற தரைப்போரிலும் வெற்றி பெற்றது.

பின்னர் நிலைமை மாறியது. கி.மு. 478-இல் ஏதென்ஸின் தலைமையில் டீலியன் கூட்டணி உருவானது. உறுப்பு நகரங்கள் பொதுப் பாதுகாப்புக்காகக் கப்பல்களையோ பணத்தையோ வழங்கின. நாளடைவில் ஏதென்ஸ், விலக முயன்ற நகரங்களைப் படைபலத்தால் அடக்கியது. பொது நிதியையும் தன் நகருக்கு மாற்றிக்கொண்டது. இதனால் அச்சமும் வெறுப்பும் வளர்ந்தன. கி.மு. 431-இல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் தம் நட்பு நகரங்களுடன் எதிரெதிராகப் போரில் இறங்கின.

பொது எதிரியின்மீது கொண்ட அச்சம் நாடுகளை ஒன்றுசேர்க்கும். வலிமை மிக்க உறுப்பு நாடு விட்டுக்கொடுக்கும்வரைதான் அந்த ஒற்றுமை நிலைக்கும்.