பலூனைப் பார்த்து மிரண்ட ரேடார்

பனிப்போர்க் காலத்து அணு ஆயுதக் கணக்கு கேட்பதற்கு எளிது. நீ ஏவினால் நானும் ஏவுவேன். இருவருமே மிஞ்ச மாட்டோம். ஆகவே இருவரும் சும்மா இருப்போம். ராணுவ நிபுணர்கள் இதை அணு ஆயுதத் தடுப்புக் கொள்கை என்றார்கள். இந்தக் கணக்கு எங்கே தப்பும் என்று 1980களில் உரக்கக் கேட்டவர்களில் ராக் பாடகர்களும் உண்டு.

1982இல் மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி நடந்தது. அங்கே பறக்கவிட்ட பலூன்கள் கூட்டமாக மிதந்து போவதை நேனா இசைக்குழுவின் கிதார் கலைஞர் கார்லோ கார்கெஸ் பார்த்தார். இவை பெர்லின் சுவரைத் தாண்டிக் கிழக்கே போனால் ரேடாரில் என்னவாகத் தெரியும்? அந்த யோசனையில் பிறந்ததுதான் 1983இல் வெளிவந்த '99 லுஃப்ட்பலோன்ஸ்'. பலூன்களை வேற்றுக்கிரகத்து வாகனங்கள் என்று நினைத்து ஒரு தளபதி போர் விமானங்களை அனுப்புகிறார். அண்டை நாட்டவர் தங்களைத்தான் தாக்க வருகிறார்கள் என்று பதறுகிறார்கள். முடிவு, 99 ஆண்டுப் போர். இத்தனையும் துள்ளல் மெட்டில், ஜெர்மன் மொழியில்! அமெரிக்காவில் பொருள் புரியாமலே பலர் ஆடியிருப்பார்கள். 1984இல் பில்போர்டு பட்டியலில் அது இரண்டாம் இடம் வரை ஏறியது.

கற்பனை கொஞ்சம் அதிகம் என்று தோன்றலாம். ஆனால் 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்கா ஏவுகணை வீசிவிட்டதாக சோவியத் கண்காணிப்பு மையத்தில் அபாய ஒலி எழுந்தது. பணியிலிருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ் அதை நம்பவில்லை. தவறான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தின் மீது பட்ட வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. இந்தச் சங்கதி வெளியுலகுக்குத் தெரிய 1990கள் ஆகிவிட்டன.

ஸ்டிங் 1985இல் பாடிய 'ரஷ்யன்ஸ்' வேறு வகை. சோவியத் இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் இசைப்பகுதி ஒன்றையே அதற்கு எடுத்துக்கொண்டார். முன்னாள் சோவியத் தலைவர் குருஷ்சேவின் மிரட்டல், அமெரிக்க அதிபர் ரீகனின் வாக்குறுதி இரண்டையும் ஒதுக்கிவிட்டு, எதிரிக்கும் பிள்ளைப் பாசம் இருக்கும் என்பதில் நம்பிக்கை வைக்கிறார். போர் எதிர்ப்புப் பாடல் என்றுதான் அதைக் கொண்டாடுகிறார்கள். கூர்ந்து கேட்டால், எதிராளிக்கும் இழக்க மனமில்லாத ஏதோ ஒன்று உண்டு என்ற அதே அனுமானத்தில்தான் தடுப்புக் கொள்கையும் நிற்கிறது. இனி இந்தப் பாட்டுக்கு வேலையிருக்காது என்று எண்ணி அதை அரிதாகவே பாடிவந்த ஸ்டிங், உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் மறுபடி பாடினார்.

கிண்டல் செய்தவர்களும் இருந்தார்கள். ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் 'டூ டிரைப்ஸ்' வீடியோவில் ரீகன், சோவியத் தலைவர் செர்னென்கோ வேடமிட்டவர்கள் கட்டிப் புரண்டு சண்டையிடுகிறார்கள். அணுகுண்டு விழுந்தால் என்ன செய்வது என்று விளக்கும் பிரிட்டிஷ் அரசுப் படங்களுக்குக் குரல் கொடுத்த பேட்ரிக் ஆலனையே இந்தப் பாட்டிலும் பேச வைத்தார்கள். 1984இல் 9 வாரம் பிரிட்டனில் அதுதான் முதலிடம்.

மெட்டல் குழுக்களுக்கு மென்மை ஒத்துவராது. மெகாடெத் தன் பெயரையே அணுப்போர்க் கணக்கிலிருந்து எடுத்தது. பத்து லட்சம் சாவுக்கு நிபுணர்கள் வைத்த அலகு அது. 1990இல் அந்தக் குழு வெளியிட்ட ஆல்பம் 'ரஸ்ட் இன் பீஸ்'. அணு ஆயுதங்கள் நிம்மதியாகத் துருப்பிடிக்கட்டும் என்று ஒரு காரின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலிருந்து வந்தது அந்தத் தலைப்பு.